மிருகவதை வரிசையில் ஒரு பூச்சியம்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினேன். இந்த வருடத்தில் மூன்றாவது குடை. வீட்டுக்காரர் காதில் போடக்கூடாது.

இன்றைய வேலை:
– புள்ளிவிபரக் கைந்நூல், அச்சுப்படி திருத்தம் (வழக்கம்போல் பிந்தியது)
– கிராம அலுவலர் இருவருக்கு நினைவூட்டல்
– பிரஷர் குளிசை வாங்க

மூன்றில் ஒன்றும் நடக்கவில்லை.

பத்து மணிபோல் மிருக வைத்தியர் வந்தார். டொக்டர் சுகந்தினி. இளம்பிள்ளை, எங்கள் பிரதேச செயலாளர் பிரிவுக்கு வந்து இரண்டு வருடம். சப்பாத்தெல்லாம் செம்மண். கையில் மாகாண அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். காயம்பட்ட மாடு, நாய்களை வைத்துப் பார்க்க ஒரு கூரைக் கொட்டகையும் ஓர் உதவியாளும் கேட்டிருந்தாராம். மறுத்துவிட்டார்கள். காரணம்: கைந்நூலின்படி இப்பிரிவில் மிருகவதைக் கைதுகள் வருடா வருடம் பூச்சியம், ஆகவே தேவை நிரூபிக்கப்படவில்லை. மேன்முறையீட்டுக்குக் கடைசி நாள் வருகிற திங்கள்.

அந்தக் கைந்நூலைத் தயாரிப்பது நான். புள்ளிவிபர உத்தியோகத்தர் என்று மேசையில் பலகையே வைத்திருக்கிறது.

“உங்கடை புத்தகம்தான் அக்கா,” என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அதனால்தான் கூட எரிச்சல். எண்ணுவது நானில்லை, பொலிஸ் தருவதைப் போடுகிறவள் மட்டும் என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். ஒருமுறை வந்து பார்க்கச் சொன்னார்.

மத்தியானம் போனேன். மிருக வைத்திய நிலையத்தின் பின்வளவில் தறப்பாள் கட்டி அதன் கீழ் ஒரு பசு. ஒருவருடைய புகையிலைக் கன்றுக்குள் இறங்கியதற்கு முதுகில் மூன்று கத்தி வெட்டு. தறப்பாளில் தேங்கும் தண்ணீர் காற்றடிக்கும்போதெல்லாம் காயத்தில் கொட்டுகிறது. டொக்டர் ஒரு தடியால் தறப்பாளை மேலே தள்ளித் தள்ளித் தண்ணீரை வழியவிட்டபடியே என்னோடு கதைத்தார். வெட்டியவரைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனதை ஊரே கண்டதாம். போன வருடமும் இப்படி ஆட்களைப் பிடித்தார்களாம்.

பிடித்திருக்கிறார்கள். புத்தகத்தில் பூச்சியம். அப்படியென்றால் பொலிஸ் கணக்கை விழுங்குகிறது. நாளை அங்கேதான் முதல் வேலை.

நவம்பர் 4, செவ்வாய்

காலை வெயில், பிறகு தூறல். குளிசை வாங்கினேன்.

பொலிஸ் நிலையத்தில் பதிவேடுகள் சார்ஜன்ட் ரத்னராஜாவின் பொறுப்பு. மன்னார் ஆள். நிதானமான மனிதர், ஒரு தேத்தண்ணீரை அரை மணி நேரம் குடிப்பார். நான் போன சூட்டில், ஏன் ஒருவரையும் பிடிப்பதில்லை என்று கேட்டேன்.

“பிடிக்காமல் என்ன மிஸ்? பிடிக்கிறம்.”

பிடித்தவர்களை எங்கே எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

– லொறியில் மாடுகளை நெருக்கி அடுக்கி ஏற்றினால்: அனுமதியில்லாமல் கால்நடை கொண்டுசெல்லல்.
– சொந்தக்காரர் உள்ள மாட்டை வெட்டினால்: பெரும்பாலும் சொத்துக்குச் சேதம்.
– கட்டாக்காலி நாய்க்கு நஞ்சு வைத்தால்: சில்லறை முறைப்பாடு. இரண்டு பகுதியும் கையொப்பம் வைத்துச் சமாதானம். நாயின் கையொப்பம் தேவையில்லை.
– இவை போக, மிருகவதைச் சட்டத்தின் கீழேயே பிடித்து நீதிமன்றம் கொண்டுபோனவை.

இந்தக் கடைசி வகை இருக்கிறது! அவர் வாசிக்க வாசிக்க நான் கோடு கோடாகப் போட்டேன். எத்தனை என்பதை இங்கே எழுதவில்லை. ஒப்பம் விழாத எண்ணை நான் டயறியிலும் எழுதுவதில்லை. பூச்சியம் இல்லை என்பது மட்டும் நிச்சயம். லொறிகளையும் சேர்த்தால் டொக்டருக்கு நன்றாக இருக்கும். சேர்க்கமாட்டேன். அது வேறு சட்டம், வேறு வரிசை. கெஞ்சினாலும் சேர்க்கமாட்டேன்.

இதையெல்லாம் எனக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். ‘ஏனையவை’க்குள் சேர்த்து அனுப்பினாராம். ஏன் அதற்குள்?

“நீங்கள் தந்த போமிலை உதுக்கு ஒரு வரி இல்லையே, மிஸ்.”

நம்பவில்லை. எடுத்துக் காட்டினார். எங்கள் அலுவலக முத்திரை. ஒரே பக்கம். களவு, வீடுடைப்பு, தாக்குதல், மதுவரி, ஏனையவை. மிருகவதை இல்லை.

கைந்நூல் அட்டவணையில் அந்த வரி உண்டு. அதை நிரப்பும் படிவத்தில் இல்லை. எங்களுக்கு மேலே உள்ள மாவட்டச் செயலகத்தில், கச்சேரியில், எவரோ கைவைத்திருக்கிறார். யாரென்று கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

நவம்பர் 5, புதன். போயா

பௌர்ணமி லீவு. உடுப்பு காயவில்லை. குசினிக் கூரை அதே இடத்தில் ஒழுக்கு. வாளி வைத்தாயிற்று. இவர் வவுனியாவிலிருந்து வந்திருக்கிறார், நாளை காலை திரும்ப வேண்டும். குடை எங்கே என்று கேட்டார். அலுவலகத்தில் என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டில் கதை முழுவதையும் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

“நீர் பூனையை விளக்குமாறாலை கலைக்கிற ஆள். எப்ப இருந்து உமக்கு இந்தப் பாசம்?”

பாசமில்லை. எனக்கு மாட்டில் பயம், நாயில் அருவருப்பு, உள்ளதைச் சொன்னால் அவ்வளவுதான். ஆனால் என் அட்டவணையில் பொய் இருக்கிறது. அதோடு அந்தப் பசுவின் முதுகு இரண்டு நாளாகக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இவரிடம் முதலாவதை மட்டும் சொன்னேன்.

கச்சேரிக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதி முடித்தேன். படிவத்தை மாற்றியது யார், யார் அதிகாரத்தில், எந்தத் திகதியில். நல்லாய் வந்திருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

மழை. எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கடிதத்தோடு இணைக்கப் பழைய படிவம் ஒன்று வேண்டுமென்று அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறினேன். கடதாசித் தட்டுப்பாட்டு வருடத்துக் கோப்பு. அந்த நேரம் ஒரு றிம் கடதாசிக்கு நாங்கள் பட்ட பாடு. எல்லாப் படிவங்களையும் ஒரு பக்கத்துக்குள் அடக்கும்படி மேலிடத்து உத்தரவு. பொலிஸ் படிவம் அதுவரை இரண்டு பக்கம். அதன் வரைவு கோப்பில் இருக்கிறது. இரண்டாம் பக்கத்துக்குக் குறுக்கே பென்சில் கோடு. மிருகவதை என்ற சொல்லிலிருந்து ஓர் அம்புக்குறி ‘ஏனையவை’க்குப் போகிறது.

பென்சில் எழுத்து என்னுடையது.

கைந்நூல் அட்டவணையைச் சுருக்க மறந்துவிட்டேன். அந்த வரி அப்படியே கிடந்தது. பொலிஸிலிருந்து அதற்கு ஒன்றும் வரவில்லை. கட்டம் வெறுமையாய்க் கிடந்தால் அச்சில் வடிவில்லை. நான் 0 அடித்தேன். அடுத்த வருடமும் 0. அதற்கடுத்ததும். பொலிஸ் ஒருநாளும் பூச்சியம் என்று சொல்லவேயில்லை. நான் கேட்கவேயில்லை.

கச்சேரிக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்தேன். வெட்கம். பஸ்ஸில் வரும் வழியில் திருநெல்வேலிச் சந்தையில் இறங்கி மரக்கறி வாங்குவதாக இருந்தேன், நேரே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

வருவதற்கு முன் டி.எஸ்.இடம், அதுதான் எங்கள் பிரதேச செயலாளரிடம், போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். இந்த வருட எண்ணைச் சரியாகப் போட்டுவிடலாம், பழையவை அச்சாகி முடிந்த புத்தகங்கள், அவற்றை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்றார். அடுத்த மாதம் எனக்குத் தர உயர்வு நேர்முகம் இருப்பதையும் நினைவூட்டினார்.

“போன வருசங்களைக் கிண்டாதேங்கோ. உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தாயிற்று. பழைய பூச்சியங்கள் அப்படியே நிற்க இந்த வருடம் மட்டும் திடீரென எண் முளைத்தால், கொட்டகைக்காக டொக்டர் சோடித்தது என்பார்கள். மறுப்புக் கடிதம் எழுதப்பட்டதே பழையவற்றை வைத்துத்தான். எல்லாவற்றையும் வாபஸ் வாங்க வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

டி.எஸ்.இடம் முடிவைச் சொன்னேன். பெருமூச்சு விட்டார். திருத்தக் கோரிக்கையை மேலே அனுப்பக் கையொப்பம் மட்டும் தருவார், காரணம் எழுதுவது என் பாடு.

ஒன்பதரைக்குப் பொலிஸ். சார்ஜன்டிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன், செவ்வாய்க்கிழமைச் சத்தத்துக்காக. பரவாயில்லை என்று பழைய வருடப் புத்தகங்களைத் தூசி தட்டினார். அவர் வாசிக்க நான் கோடு. பிறகு நான் வாசிக்க அவர் கோடு. இரண்டு தாளும் ஒத்துவந்தன.

ஆனால் நிலையப் பொறுப்பதிகாரி ஒப்பம் வைக்க வேண்டும். மனிதர் தயங்கினார். சிங்களத்திலும் தமிழிலுமாகச் சொன்னதன் சாரம்: பூச்சியமாய் இருந்த இடத்தில் இப்படி எண் ஏறினால், தன் பகுதி கெட்டுப்போய்விட்டது என்று மேலே கேட்பார்கள். சார்ஜன்ட் பார்வையை மேசைக்கு இறக்கிவிட்டார். நான் தாளை அவர் முன்னால் நகர்த்தினேன்.

“சேர், பூச்சியம் எண்டால் மாடு வெட்டுப்படேல்லை எண்டு ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். நீங்கள் ஒருத்தரையும் பிடிக்கேல்லை எண்டுதான் வாசிப்பினம். உது உங்கடை ஆக்கள் செய்த வேலையின்ரை கணக்கு.”

சார்ஜன்ட் அதைச் சிங்களத்தில் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னார். பொறுப்பதிகாரி பேனையை எடுத்தார்.

அந்தத் தாளோடு டொக்டரிடம் போனேன். தறப்பாள் சுருட்டிக் கிடந்தது. பசு இல்லை. தேறி வீட்டுக்குப் போய்விட்டதென்று நினைத்தேன்.

முதலில் என் கதையைச் சொன்னேன். படிவம், பென்சில், 0. ஒன்றும் மறைக்கவில்லை. அவர் கையுறையைக் கழற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“பசு விடியப்புறம் செத்துப்போச்சு, அக்கா.”

சுருட்டிக் கிடந்த தறப்பாளைத் திரும்பிப் பார்த்தேன்.

“காயம் ஈரம் பட்டுப் பழுதாப்போச்சு. கூரை இருந்திருந்தால் தப்பியிருக்கும்.”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தாளை வாங்கிப் பார்த்தார். லொறிகளைச் சேர்க்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். ஓம், சேர்க்கக்கூடாதுதான் என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் தன் கைலேஞ்சியைத் தந்தார். யாருடைய செத்தவீடு என்று கேட்டார். மாடு என்று சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 8, சனி

திருத்தப் பத்திரம் தட்டச்சு. வருடத்துக்கு ஒரு வரி. நாலு பிரதி. அதோடு புதுப் பொலிஸ் படிவம், இரண்டு பக்கம்.

ஒழுக்கு இன்னும் நிற்கவில்லை. பூனை குசினிக்குள் வந்து வாளிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. கலைத்தேன், ஆனால் விளக்குமாறு எடுக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஒன்றுமில்லை. தலையிடி. நேர்முகத்துக்குப் போட நினைத்த சேலையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

மழை விட்டிருந்தது. டொக்டரும் நானும் ஒன்றாக யாழ்ப்பாணம் போனோம். அவருடைய மேன்முறையீட்டுக்கு என் திருத்தம் இணைப்பு. அதற்கு முதலில் கச்சேரியில் முத்திரை விழவேண்டும்.

புள்ளிவிபரக் கிளையில் அதன் தலைவர், எங்கள் பெரியவர், இருந்தார். எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். தாளை இரண்டு தரம் வாசித்தார். “பிழைக்கான காரணம்” என்ற கட்டத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருந்தேன். அவர் முன்னாலேயே எழுத வேண்டும் என்று நினைத்தேன். வீட்டில் எழுதினால் இளக்கிவிடுவேன்.

அச்சுப்பிழை என்று போட்டால் போதும் என்றார். அதற்கு விசாரணை இல்லை, ஒருவருக்கும் தலையிடி இல்லை. டொக்டர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அச்சுப்பிழை என்றால் எண் இருந்தது, அச்சகம் தவறவிட்டது என்றாகும். அச்சகத்துப் பெடியள் பாவம், நான் கொடுத்த பூச்சியத்தை ஒழுங்காக அடித்தவர்கள்.

எழுதினேன்:

“தகவல் படிவத்திலிருந்து இவ்விடயத்தை நீக்கியவர் கீழே ஒப்பமிடுபவர். கேட்கப்படாத விடயத்துக்குப் பூச்சியம் இட்டவரும் அவரே.”

பெயர், பதவி, ஒப்பம்.

“இப்பிடியே போகட்டோ?” என்று கேட்டார் பெரியவர்.

“ஓம். இப்பிடியே போகட்டும்.”

முத்திரை விழுந்தது. மத்தியானத்துக்கு முன் டொக்டரின் கோப்பும் ஒப்படைத்தாயிற்று. கொட்டகை கிடைக்குமா தெரியாது. கிடைக்காவிட்டால் வேறு காரணம் சொல்லட்டும், என் பூச்சியத்தைச் சொல்ல முடியாது. வாசலில் டொக்டர் என் கையைப் பிடித்தார். என்னிடம் விளக்கம் கோரிக் கடிதம் வரும் என்று பெரியவர் சொல்லித்தான் அனுப்பினார். வரட்டும்.

மூன்று மணிக்குத் திரும்ப அலுவலகம். அச்சுப்படி அப்படியே கிடந்தது. அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, கைந்நூல் அட்டவணையையும் நாங்கள் அனுப்பிய ஒரு பக்கப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டேன். களவு உண்டு. வீடுடைப்பு உண்டு. தாக்குதல் உண்டு.

முதியோரைத் துன்புறுத்தியமைக்கான கைதுகள்: அட்டவணையில் உண்டு. படிவத்தில் இல்லை. கட்டத்தில் 0.

பழைய கைந்நூல்களையும் திறந்தேன். 0. 0. 0. இதற்கு ஒருவரும் கடிதத்தோடு என் மேசைக்கு வரவில்லை.

சார்ஜன்டுக்குப் போன் எடுத்தேன். நாளைக்கு வாறன், அந்தப் பழைய புத்தகங்களை அலுமாரிக்குள்ளை வைக்காதேங்கோ என்றேன்.