மேலே தெளிந்த தண்ணீர்

16.10.79 செவ்வாய்

விடாத மழை. ஊற்றுத் தண்ணீர் செம்மண் நிறம். அடிவாரத்து ஆலங்காயம் ஜீப் மலையேறி வரவில்லை, அம்மா கடிதமும் இல்லை.

விடுதியில் சமைக்கும் சின்னப்பொண்ணக்கா காலையில் பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசிக்கொண்டிருந்தார். சேறு அடியில் இறங்கியதும் மேல்தண்ணீரை மொண்டு நீட்டினார். "இப்போ குடிங்க டீச்சர். அழுக்கெல்லாம் கீழ போய்டுச்சு." நல்ல ருசி.

மதியம் பத்தாம் வகுப்பு. பேரியம் குளோரைடு 200 மி.லி., சோடியம் சல்பேட் 100. இரண்டும் ஒரே செறிவு. ஊற்றியதும் பால் வெள்ளை. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மணி அடிப்பதற்குள் வெள்ளை இறங்கத் தொடங்கி, மேலே கண்ணாடித் தண்ணீர்.

"எல்லாம் படிஞ்சிடுச்சா?"

"படிஞ்சிடுச்சு டீச்சர்!" ஒரே கூச்சல்.

இல்லை. சல்பேட் தீர்ந்துவிட்டது, பேரியத்தில் பாதி ஜோடியில்லாமல் தண்ணீரிலேயே மிச்சம். கண்ணுக்குத்தான் தெரியாது. நாளைக்கு அந்தத் தெளிவில் இன்னும் கொஞ்சம் சல்பேட் விட்டு, மறுபடி வெள்ளை வரவைத்து அசத்த வேண்டும். பீக்கரை ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்தேன். ஆய்வகம் என்று பெயர், சமையலறையை ஒட்டிய அறைதான். கதவுக்குப் பூட்டு கிடையாது.

வாங்க: மண்ணெண்ணெய், சாக்பீஸ், சோப்பு.

17 புதன். ஆலங்காயம் ஆஸ்பத்திரி

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பீக்கரைப் பார்த்தேன். அடியில் வெள்ளை அப்படியே. மேல்தண்ணீர் பாதி இல்லை. சமையலறைக்கு ஓடிக் கேட்டேன்.

"நான்தான் இப்போ குடிச்சேன் டீச்சர். நீங்க கொட்டை ஒரசி வச்சிருந்தீங்களே, அடில வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. கொஞ்சம் கசந்துச்சு. கொட்டை ஜாஸ்தியாப் போச்சுன்னு நெனச்சேன்."

"எவ்ளோக்கா?"

"ஒரு டம்ளர்."

மனசுக்குள் கணக்கு தானாக ஓடியது. ஒரு டம்ளரில் ஏறக்குறைய ஒரு கிராம் பேரியம் குளோரைடு. ஒரு கிராமே ஆளைக் கொல்லலாம். கணக்கு முடிவதற்குள் அக்கா வாந்தி எடுத்தார். உதடெல்லாம் மரத்துப்போகுது என்றார்.

மருந்துப் பெட்டியில் பேதி உப்பு இருந்தது. அதுவும் சல்பேட்தான். வயிற்றில் மிச்சமுள்ள பேரியத்தைப் பிடித்து வெள்ளையாக்கிவிடும். அந்த வெள்ளை கரையாது, ரத்தத்தில் ஏறாது. தலைமையாசிரியர் பெட்டியை மூடப் போனார். "வாந்தி எடுக்கறவளுக்குப் பேதி உப்பா? ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

கரைத்துக் கொடுத்தேன். பாதி வெளியே வந்தது. மறுபடி கொடுத்தேன். தலைமையாசிரியர் நல்ல மனிதர். அந்த நிமிஷம் அவரைப் பிடித்துத் தள்ளியிருப்பேன்.

சாமை மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று புதூர்நாட்டிலிருந்து வந்தது. மூட்டையை இறக்கிவிட்டு அக்காவைப் படுக்கவைத்தோம். பாதி மலை இறங்குவதற்குள் அவருக்குக் கால் வரவில்லை. "காலு என்னுதா இல்ல டீச்சர்." தொடையைக் கிள்ளிப் பார்த்தேன். "வலிக்குதுன்னு சொல்லுங்கக்கா" என்று கத்தினேன்.

டாக்டரிடம் என்ன, எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தேன். ராத்திரி தாண்டட்டும் என்கிறார்.

ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம். 'குடிக்காதே.' ஒரே ஒரு வார்த்தை.

18 வியாழன்

மழை விட்டது. விடிந்ததும் அக்காவின் கால் விரல் அசைந்தது. அப்புறம் முட்டி. டாக்டர் "அந்த உப்பு கொடுத்தது நல்லதாப் போச்சு" என்றார். நான் அழுத அழுகையில் நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னார்.

வராந்தாவில் அக்காவின் வீட்டுக்காரர். கோபமில்லை, திகைப்புதான். "கண்ணாடியாட்டம் தெளிஞ்ச தண்ணின்னு சொல்றா. அதுல எப்படிம்மா விஷம்?" பிள்ளைகளுக்குச் சொல்ல வைத்திருந்த விளக்கம் முழுக்க நாக்கு நுனியில் இருந்தது. "ஒரு சீட்டு ஒட்டாதது என் தப்புங்க" என்று மட்டும் சொன்னேன்.

மத்தியானம் அக்கா தாகம் என்றார். ஆஸ்பத்திரிப் பானையில் மொண்டு வந்தேன். நல்ல தெளிவு. டம்ளரை வாங்கியவர் குடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுல இன்னா மிச்சம் இருக்குது டீச்சர்?"

வாங்கி நான் முதலில் குடித்தேன்.