உன் மூட்டைக்கு நீ கட்டிய சீட்டு

என் பெரிய பேரன் கப்பல் கட்டும் இடத்தில் இன்ஜினியராகிவிட்டான். அவன் தங்கை நர்சிங்கில் முதல் வகுப்பு. கடைக்குட்டி சௌமியாவுக்கு எர்ணாகுளத்தில் கம்ப்யூட்டர் வேலை. நம் தமிழ்ச் சங்கத்தில் இறந்துபோனவர்களின் நினைவு நாள் அட்டைகள் தானாகவே எல்லாருக்கும் போகும்படி செய்து கொடுத்தவள் அவள்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் வீட்டில் இத்தனையும். பீற்றிக்கொள்கிறேன் என்பாய். ஆமாம்.

இன்று காலை உன் நினைவு நாள் அட்டை என் போனுக்கு வந்தது. அதில் உன் கணவர் முகம். அவர் பெயர், அதன் கீழே ‘மனைவி’ என்று ஒரு சொல். கைக்குழந்தையோடு உன்னை விட்டுவிட்டுப் போன மனுஷன்.

சௌமியாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஆளுக்குன்னு தனியா எழுதியிருந்தா கம்ப்யூட்டர் அதை எடுக்கும் பாட்டி. இல்லைன்னா அந்த வீட்டுக்கு எழுதினது, குடும்பத் தலைவர் படமும் பேரும். அதுவும் இல்லைன்னா சங்கத்துக்குப் பொதுவா வெச்சது.”

“அவளுக்குன்னு எழுதலையா?”

“நானே எழுதினேன். பேரு, போட்டோ எல்லாம் இருக்கு. ஆனா கம்ப்யூட்டர்ல அட்டைகளை ஓட்டுற நேரத்துல சங்கத்து செக்ரட்டரி எல்லாருக்கும் ‘வீட்டுப் படம்’னு கையால போட்டுட்டார். கடைசியா அப்படிச் சொல்றதுதான் ஜெயிக்கும்.”

இது எனக்குப் புதிதல்ல. மட்டாஞ்சேரி சுக்குக் கிடங்கில் நாம் பார்த்ததுதான். சுவரில் பலகை: எல்லா மூட்டையும் இரண்டாம் தரம். நீ பொறுக்கிய மூட்டையில் மட்டும் ‘முதல் தரம்’ என்று சீட்டுக் கட்டுவாய். “பலகை கிடங்குக்கு. சீட்டு என் மூட்டைக்கு” என்பாய். பக்கத்து மூட்டைக்கு உன் சீட்டு செல்லாது. உன் மூட்டைக்குப் பலகை செல்லாது. ஒருநாள் லாரி ஏற்றும்போது முதலாளியே வந்து, “எல்லாம் ரெண்டாந்தரம், ஏத்து” என்றார். நீ மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாய். “சீட்டைப் படிச்சிட்டுத் தூக்கச் சொல்லுங்க.” சுக்குத் தூசியில் தும்மிக்கொண்டே அவர் படித்தார்.

நேரே சங்கத்துக்குப் போய் செக்ரட்டரியின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தாத்தானே சேச்சி அழகு?”

“ஒண்ணும் எழுதாதவங்களுக்கு உங்க அழகைப் போட்டுக்கங்க. அவளுக்கு எழுதியிருக்கு.”

“சாயா வருது, குடிச்சிட்டுப் பேசலாம்.”

“கையால போட்டதை எடுங்க. அப்புறம் குடிக்கிறேன்.”

சாயா ஆறிப்போனது. எடுத்தார், மறுபடி ஓட்டினார். போனில் நீ வந்தாய், கையில் கோணி ஊசியோடு, உன் பெயரோடு மட்டும்.

வீட்டுக்கு வந்ததும், என் பெயருக்கு நேரே என்ன இருக்கிறதென்று பார்க்கச் சொன்னேன். ஒன்றுமில்லை.

“உனக்கு என்ன பாட்டி அவசரம்?” என்று சிரிக்கிறாள் சௌமியா.

அவசரம் இல்லைதான். ஆனால் காலியாக விட்டால் யார் முகமாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். மூட்டைமேல் ஏறி உட்கார்ந்த உன் பிடிவாதம் இப்போது என்னிடம் இருக்கிறது. பெயரை எழுதவைத்துவிட்டேன். ரேஷன் கார்டில் இருக்கும் என் பழைய முகம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

“புதுசா ஒண்ணு எடு. அதைப் போடு.”