பாதைக்காக ஒரு கேக்

ஆல்டர்கோம்ப், டெவன்
ஏப்ரல் 14, செவ்வாய்க்கிழமை

நியூசிலாந்தில் இருக்கும் அன்புள்ள ரோலண்ட் யோவுக்கு,

உங்கள் பழைய பண்ணைக்குக் கீழ்வீட்டு ஹெப்சிபா லஸ்கம் எழுதுகிறேன். கர்த்தர் உன்னையும் ஐரிஸையும் சுகமாக வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன். உன் அப்பாவின் கல்லறையை ஈஸ்டருக்கு முன்பே சுத்தம் செய்துவிட்டேன். மஞ்சள் பூக்கள் இந்த வருஷம் சீக்கிரமே பூத்துவிட்டன. இங்கே நல்ல செய்தி என்றால் அவ்வளவுதான்.

உன்னிடம் பண்ணையை வாங்கியவர் போன அக்டோபரில், நாங்கள் குதிரையில் போய்வந்த பள்ளத்துப் பாதையின் இரண்டு முனையிலும் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். நான் போய்க் கேட்டபோது டீ கொடுத்து உட்காரவைத்து, "அதான் நல்ல தார் ரோடு இருக்கே மேடம், ஏன் சேத்துல போகணும்?" என்றார். அவர் காரில் போகிறவர். அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்கரை, ஒதுங்க ஒரு முழம் இடமில்லை என்பது குதிரைமேல் உட்கார்ந்தால்தான் தெரியும்.

மேவிஸ் டாரெலை உனக்கு நினைவிருக்கும், என்னோடு எப்போதும் சவாரி வருவாளே. பிப்ரவரியில் ஒரு மழைநாள், அந்த ரோட்டில் வளைவுக்கு அப்பால் வந்த லாரி ஹாரன் அடித்தது. அவள் குதிரை பார்லி மிரண்டு குறுக்கே திரும்பிவிட்டது. மேவிஸுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பார்லிக்கு முன்னங்கால் இரண்டும் போயிற்று. மிருக வைத்தியர் வந்து அதற்குக் கடைசி ஊசி போடும்வரை, எழுந்திருக்க முடியாத அந்த நிலையிலும் அவள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே இருந்தாளாம். அன்று முதல் என் குதிரை டோர்க்காஸுக்கு நான் சேணம் வைக்கவில்லை. ஆனால் சவாரிப் பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர் சனிக்கிழமைதோறும் அதே ரோட்டில்தான் போகிறார்கள். என் சமையலறை ஜன்னலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். போன சனிக்கிழமை ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு லாரி.

பள்ளத்துப் பாதையைக் குதிரைகளுக்கான பொதுப்பாதை என்று கவுன்சில் வரைபடத்தில் ஏற்றச் சொல்லி மனுப் போட்டிருக்கிறோம். மே ஒன்பதாம் தேதி விசாரணை. இருபது வருஷம் தடையில்லாமல் போய்வந்தோம் என்று காட்ட வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவள் என்றாலும் தினக்கணக்கு எழுதாமல் படுத்ததில்லை. லாடம் கட்டியது, ஓட்ஸ் வாங்கியது, "பள்ளத்துப் பாதை வழியாக சாப்பல் ஜெபத்துக்கு" என்று எல்லாம் தேதியோடு இருக்கிறது. இருபத்துமூன்று நோட்டு. கவுன்சில் அம்மாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது மாதிரி சாட்சி நான் பார்த்ததே இல்லம்மா" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைக்குத்தான் அடி விழுந்தது.

போகும்போது அவள் சாதாரணமாக ஒன்று கேட்டாள். "யார்கிட்டயும் கேக்காமதானே போனீங்க? அனுமதி கேட்டுப் போயிருந்தா அது உங்க உரிமைன்னு ஆகாது. நிலத்துக்காரர் பெருந்தன்மையா விட்டதுன்னு ஆயிடும். மனு நிக்காது."

ரோலண்ட், நான் கேட்டேன். அந்தப் பாதையில் போகத் தொடங்கிய முதல் வருஷம், கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு, குதிரையிலிருந்து இறங்கி, உன் அப்பாவிடம் ஒரு பிளம் கேக்கைக் கொடுத்து, இந்த வழியாகப் போகலாமா என்று கேட்டேன். அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் கால் வைக்கக் கூடாது என்றுதான் என்னை வளர்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் இறக்கும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "பிளம் கேக் ஒன்று. யோ அவர்களுக்கு. பாதைக்காக." மரியாதை தெரியாதவளாக இருந்திருந்தால் இன்று பாதை எங்களுக்கு.

மேவிஸிடம் ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னேன். "அந்த கேக் வரிய எல்லாம் எவ பார்க்கப் போறா? மேல டீயைக் கொட்டிடு" என்றாள். நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். "கர்த்தர் மன்னிச்சிடுவார்டி ஹெப்சி, லாரி மன்னிக்காது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று நாள் அந்த நோட்டுகளை மேசைமேல் வைத்துக்கொண்டு ஜெபம் செய்தேன். டீக் கோப்பையும் பக்கத்திலேயே இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். இன்று காலை இருபத்துமூன்றையும் ஒரு பக்கம் குறையாமல் கவுன்சிலில் கொடுத்துவிட்டேன். கேக் உள்ள பக்கங்களில் அடையாளத்துக்கு நூல் வைத்துக் கொடுத்தேன். மேவிஸிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

இனி உன்னிடம் வருகிறேன். அன்று நான் கேட்டதற்கு உன் அப்பா ஒரு பதில் சொன்னார். நீ அங்கேயே பண்ணைக் கேட்டின் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாய். கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது உனக்கு. "சரி, போய்க்கோ" என்று சொல்லியிருந்தால் அது அனுமதி, எல்லாம் முடிந்தது. "இதை ஏன் என்கிட்ட கேக்கறே, இது என் பாதையா?" என்கிற மாதிரி சொல்லியிருந்தால் மனு பிழைக்கும். எனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறது. அது எது என்று எழுத மாட்டேன். எழுதினால் நீ என் வார்த்தையைத்தான் திருப்பிச் சொல்வாய். இந்த இரண்டு மாதமாக ஆசைப்பட்டு ஆசைப்பட்டு, உன் அப்பா வாயில் எனக்கு வேண்டியதை நானே போட்டுவிட்டேனோ என்றும் பயமாக இருக்கிறது.

அதனால்தான் போனில் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என் குரலிலேயே நீ தெரிந்துகொள்வாய். பண்ணையை விற்கும்போது பாதையைப் பற்றி என்ன எழுதிக் கொடுத்தாய் என்றும் நான் கேட்கவில்லை. அது உனக்கு வில்லங்கமாகுமோ என்ற கவலையும் எனக்கு உண்டு. காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடு. நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுது. எனக்கு அனுப்பாதே, நேரே கவுன்சிலுக்கு அனுப்பு. விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. மே இரண்டுக்குள் போய்ச் சேர வேண்டும்.

வழக்கமாக உனக்கு எழுதினால் கூடவே ஏதாவது சுட்டு அனுப்புவேன். இந்த முறை வெறும் கடிதம்தான், கோபித்துக்கொள்ளாதே. நீ எதை எழுதினாலும், வருகிற கிறிஸ்துமஸுக்கு உன் பங்கு கேக் நிச்சயம் வரும்.

நீ பேனாவை எடுக்கும்போது கர்த்தர் உன் பக்கத்தில் நிற்பாராக. அந்த எட்டுப் பிள்ளைகளின் பக்கத்திலும்.

உன் நலத்துக்காக ஜெபிக்கும்,
ஹெப்சிபா லஸ்கம்