கேங்வே புத்தகத்தில் பன்னிரண்டு நிமிஷம்

திருவண்ணாமலை,
3.2.1999

உயர்திரு ஹானரரி சப் லெப்டினன்ட் வளவன் அவர்கள் சமூகத்துக்கு,

பதினேழு வருஷத்துக்கு முன்னால் ரிட்டயர்டான பெட்டி ஆபீசர் கோதண்டராமன் விறைப்பாக நின்று எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கம்மாள், என் முழங்கால் வலி மூன்று பேரும் சௌக்கியம். பம்பாயில் நீ, ராணியம்மாள், குழந்தை சினேகா, உன் தோளில் புதிதாக ஏறியிருக்கும் தங்கப் பட்டை எல்லோரும் சௌக்கியமாக இருக்க அண்ணாமலையார் அருள் செய்யட்டும்.

மரியாதை இதோடு முடிந்தது. இனிமேல் எழுதுகிறவன் உன் சீனியர். அறுபத்தாறில் ஆள் எடுக்கிற வரிசையில் நீ செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாய், நான் முந்திக்கொண்டேன். அதனால் உன் நம்பரைவிட என் நம்பர் ஒன்று கம்மி. நேவியில் நம்பர் கம்மியானவன்தான் சீனியர். குடியரசு தினத்தன்று உனக்கு ஆபீசர் பதவி கொடுத்தவர்களாலும் அதை மாற்ற முடியாது.

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது தங்கம்மாள், "இன்னா, மூஞ்சி இப்படி சுண்டிப் போச்சு, யாருக்காவது ஒடம்பு சரியில்லையா"ன்னு கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் கேசரி கிண்டிவிட்டாள். உன் பதவிக்கு என் வீட்டு நெய். தின்றுவிட்டு, சர்க்கரை கம்மி என்றேன். கம்மியில்லை, சரியாகத்தான் இருந்தது.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். கடலைக்காய்க் கொல்லையில் வளர்ந்த கீழ்பென்னாத்தூர்க்காரன் நீ. விசாகப்பட்டினத்துக் குளத்தில் உன் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து நீச்சல் பழக்கியவன் நான். சட்டைக் கையில் ஒற்றை நங்கூரச் சின்னம் எனக்குத்தான் முதலில் வந்தது. லீடிங் சீமேன்! குறுக்கு நங்கூரமும் எனக்குத்தான் முதலில். பெட்டி ஆபீசர்! அதை என் சட்டையில் தைத்தபோது ஊசி குத்திக்கொண்டவன் நீ. அதற்கப்புறம் நீ சீஃப், மாஸ்டர் சீஃப், இப்போது ஆபீசர். நான் குறுக்கு நங்கூரத்தோடு ஊருக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேங்கிக்காலில் முன்னாள் படைவீரர் கூட்டம். என்னைத் தவிர அத்தனை பேரும் ஆர்மிக்காரர்கள். பெட்டி ஆபீசர்னா பெட்டிக்கடையா சார் என்று கேட்ட ஹவில்தார்களுக்கு எல்லாம் படம் போட்டு நேவிப் பதவிகளை விளக்கியவன் நான். அது இப்போது எனக்கே வினையாகிவிட்டது. "உங்க கூட சேந்தவர் ஆபீசராமே, நீங்க ஏன் சார் ஆவல"ன்னு கேட்கிறார்கள்.

நானும் சொன்னேன். எண்பத்தொன்றில் பம்பாய் டாக்யார்டில் லீவு முடிந்து ஒருநாள் நேரம் தவறிக் கப்பலுக்கு வந்தேன். கப்பலில் ஏறுகிற கேங்வே படியில் டியூட்டியில் இருந்தவன் என் ஆருயிர் சிநேகிதன். கேங்வே புத்தகத்தில் 'பன்னிரண்டு நிமிஷம் தாமதம்' என்று எழுதிவிட்டான். அந்தப் பன்னிரண்டு நிமிஷம் என் சீஃப் பதவியைத் தின்றுவிட்டது என்று. எழுதாமல் விட்டிருக்கலாம் இல்லையா என்று அவர்களே கேட்டார்கள். நான் டீ டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

ரிட்டயர்டானதும் குடிவர வேங்கிக்காலில் நீ கட்டும் வீடு லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. நீ கேட்டுக்கொண்டபடி தினமும் போய்ச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். உன் குளியலறை என் கூடத்தைவிட ஜாஸ்தி அகலம். அதற்குள் என்ன, படகு விடப் போகிறாயா?

இன்னொன்று. ஆபீசர் வந்தால் பைப் விசில் ஊதி வரவேற்பது நம் வழக்கம். என் பித்தளைப் பைப் இன்னும் பெட்டியில் இருக்கிறது. அட்மிரல்களுக்கே ஊதியவன்தான் நான். உனக்கு மட்டும் ஊத மாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

உன் ஒரு நம்பர் சீனியர்,
கோதண்டராமன்


திருவண்ணாமலை,
11.5.1999

அன்புள்ள வளவனுக்கு,

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. மலை பக்கம் திரும்பினால் அடுப்புப் பக்கம் திரும்பின மாதிரி இருக்கிறது. உன் வீட்டுக்குக் கூரை கான்கிரீட் போட்டாயிற்று. தங்கம்மாள் வேலையாட்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள்.

உன் பெண் சினேகாவுக்கு வந்திருக்கும் வரன் விஷயம். பையன் கோபியின் அம்மா ஜோதியம்மாள் நேற்று என்னைத் தேடி வந்தார். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். பையன் கலெக்டர் ஆபீசில் வேலை, தங்கமான பையன். இரண்டு பேரும் பார்த்துப் பேசி, பிடித்துப்போயிற்று என்று நீயே எழுதியிருந்தாய். நீயும் நானும் ஒரே கப்பல் என்று கேள்விப்பட்டு, உன்னைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார். இந்தக் காலத்தில் இவ்வளவு பொறுப்பாக யார் விசாரிக்கிறார்கள்?

நான் உள்ளதைச் சொன்னேன். ரொம்பக் கண்டிப்பான ஆள், பேனாவை எடுத்தால் சிநேகிதன் என்றும் பார்க்க மாட்டார் என்றேன். அவ்வளவுதான். காபி சாப்பிட்டுவிட்டுப் போனார். யாராவது கூட்டிக் குறைத்து உன்னிடம் ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

நீ ஊருக்கு வந்ததும் உனக்கு மாலை போட வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றுவதும் இனி நீதானாம். பத்து வருஷமாக ஏற்றியவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே என்பதுதான்.

சினேகா அனுப்பிய பிறந்தநாள் அட்டை வந்தது. 'பெரியப்பாவுக்கு' என்று தமிழில் எழுதியிருக்கிறாள். பம்பாயில் பிறந்த பெண்ணுக்கு எழுத்து அழகாக இருக்கிறது. தங்கம்மாள் அதை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
கோதண்டராமன்


திருவண்ணாமலை,
30.6.1999

டேய் வளவா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆயிற்று. பதில் எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்தேன். ஜோதியம்மாள் வீட்டில் ஒரு காரணமும் சொல்லாமல் பின்வாங்கிவிட்டார்கள், சினேகா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாய். அதோடு விட்டாயா? 'நீ ஒரு நடை போய் என்னவென்று விசாரி, உன் வார்த்தைக்கு அங்கே மதிப்பு உண்டு' என்றும் எழுதினாய். அந்த வரியைத் தங்கம்மாள் உரக்கப் படித்தாள். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

என்னத்தை விசாரிப்பது? கெடுத்தவனே நான்தான்.

அன்றைக்கு ஜோதியம்மாளிடம் நான் சொன்னதில் கால்வாசியைத்தான் உனக்கு எழுதினேன். மீதியையும் எழுதுகிறேன், படித்துக்கொள். "சொந்த சிநேகிதனையே போட்டுக் குடுத்தவன்மா அவன். மேல ஏறணும்னா யாரை வேணா மிதிப்பான். அந்த வீட்டுப் பொண்ணு எப்படி இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களே யோசிச்சிக்குங்க"ன்னு சொன்னேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் அவள் அட்டை இருக்கும் அதே வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அந்த அம்மாள் காபியைக் குடித்து முடித்தாரா என்றுகூட எனக்கு நினைவில்லை.

பொறாமைடா. வேறு என்ன பேர் வைப்பது? உன் பட்டை, உன் வீடு, உனக்கு ஒரு பெண். எங்களுக்கு ஒன்று பிறந்திருந்தால் சினேகா வயதுதான் இருக்கும் என்று தங்கம்மாள் ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு உன் வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றப் போகவில்லை. மறுநாள் போனேன்.

இனி அந்தப் பன்னிரண்டு நிமிஷம். பதினெட்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதையை உன்னிடம் ஒரு தடவைகூட நான் நேராகப் பேசியதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். சீஃப் பரீட்சை முடிவு வந்தது, நீ முதலில் தேறிவிட்டாய். எனக்கு உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கரைக்குப் போய் மூக்குமுட்டக் குடித்தேன். லீவு காலை ஏழு மணியோடு முடிகிறது. கொட்டும் மழையில் நான் கேங்வே ஏறியபோது உன் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தில் ஏழு நாற்பது.

அரை மணிக்கு மேல் தாமதமானால் கேப்டன் முன்னால் நிறுத்தி நங்கூரத்தைப் பிடுங்குவது அந்தக் கப்பலின் சட்டம். ஏழு பத்துக்கே ஒரு ஆள் குறைகிறது என்று டியூட்டி ஆபீசருக்குச் சொல்லியாகிவிட்டதால், ஏழு மணி என்று உன்னால் எழுத முடியவில்லை. அதனால் ஏழு பன்னிரண்டு என்று எழுதினாய். மாட்டியிருந்தால் நீ தேறிய பரீட்சையும் போயிருக்கும், உன் குறுக்கு நங்கூரமும் போயிருக்கும். வாழ்நாளில் நீ எழுதிய ஒரே பொய் அது. எனக்காக எழுதினாய். எனக்கு ஒரு வருஷம் பதவி உயர்வு தள்ளிப்போனதோடு முடிந்தது. அந்த ஒரு வருஷம் பொறுக்க முடியாமல் ரோஷத்தில் பேப்பர் போட்டுவிட்டு வந்தவன் நான்தான், யாரும் துரத்தவில்லை.

என்னைக் காப்பாற்றிய பொய்யை வைத்தே உன்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஊரில் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நீயும் ஒருநாள்கூட வாயைத் திறந்து நாற்பது என்று சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நேற்றைக்கு முந்தின நாள் பௌர்ணமி. அடி அண்ணாமலைக்குப் போனேன். ஜோதியம்மாள் கடையில் சாயங்காலக் கூட்டம் நெரிந்தது, கோபியும் கூடமாட நின்று தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்புறம் வருகிறேன் என்று திரும்பியிருந்தால் மறுபடி போயிருக்க மாட்டேன். அங்கேயே நின்று, நான் குடித்தது, நாற்பது நிமிஷம், நீ எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். கிரிவலம் வந்தவர்களில் இரண்டு பேர் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். முன்னே பின்னே தெரியாதவர்கள் முன்னால் அப்படி நான் நின்றதே இல்லை.

அந்த அம்மாள் வியாபாரத்தை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்கி ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கி ஒண்ணு சொல்றீங்க. எதை நான் நம்புறது? ஆடி பொறந்துட்டா கல்யாணப் பேச்சே கெடையாது. அதுக்குள்ள அவர நீங்களே கையப் புடிச்சி எங்க ஊட்டுக்குக் கூட்டினு வாங்க. அவரு உங்க கூட வந்தாருன்னா நம்புறேன்"னு சொன்னார். நான் கிளம்பும்போது கோபி பின்னாலேயே வந்து, "சினேகா நல்லா இருக்காங்களா சார்"னு கேட்டான். அந்தப் பையனை விட்டுவிடாதே.

தங்கம்மாளிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகத் தட்டை வைக்கிறாள், பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் எழுந்து நின்று சொல்லப் போகிறேன். ஹவில்தார்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கொடி நீதான் ஏற்ற வேண்டும், கயிற்றை மட்டும் நான் கட்டித் தருகிறேன். உனக்கு முடிச்சு எப்போதும் சரியாக வராது.

என் பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்தை எழுதும்போதே உன் குளியலறை ஞாபகம் வருகிறது. ஆனால் குழந்தை சாப்பிடாமல் இருக்கிறாள். என்னைக் காறித் துப்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வந்து துப்பு. ஆடிக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருக்கிறது. என் கூட ஒரே ஒரு தரம் அந்த வீட்டுப் படி ஏறிவிடு. அதற்கப்புறம் என் வாசலை நீ மிதிக்க வேண்டாம்.

பைப்பைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஊதுவேன். வேட்டி கட்டிய கிழவன் நடுரோட்டில் நின்று ஊதுகிறானே என்று வேங்கிக்கால் முழுக்க வேடிக்கை பார்க்கட்டும். மூச்சு பத்துமா என்றுதான் தெரியவில்லை.

குழந்தை சினேகாவுக்கு இந்தப் பெரியப்பாவின் ஆசீர்வாதம். நான் செய்ததை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உனக்கே விட்டுவிடுகிறேன். சொன்னாலும் அவள் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்வாள் என்று ஒரு நப்பாசை.

எந்த பஸ் என்று உடனே எழுது. வேங்கிக்கால் ஸ்டாப்பிங்கில் நாற்பது நிமிஷம் முன்னாலேயே வந்து நிற்பேன். இந்தத் தடவை நான் வந்த நேரத்தை உள்ளபடியே எழுதிக்கொள்.

உன்
கோதண்டராமன்