ஓட்டுக்கு அடியில் ஈரம்

இன்று காலை முற்றம் பெருக்கும்போது ஒரு அரணை காலருகே ஓடியது. "அரணை கடிச்சா மரணம்" என்று வாய் தானாகச் சொல்லிற்று. ஆனால் கடிக்க வரும் அரணைக்குப் பாதி வழியிலேயே வந்த காரியம் மறந்துவிடுமாம், அதனால்தான் நாமெல்லாம் பிழைத்துக் கிடக்கிறோமாம். இந்த வயதில் நானும் அந்த இனம்தான். அடுப்படிக்குள் போய், எதற்கு வந்தேன் என்று நிற்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு, நீ ரங்கூன் கப்பலில் கொண்டுவந்த பிஸ்கட் டப்பா மட்டும் மூடியின் துரு வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கம்பம் ஊரில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். யுத்தம் நெருங்குகிறது என்று உன் வீட்டுக்காரர் உன்னை முன்னால் கப்பலேற்றிவிட்டு, ரங்கூன் கடையை ஒப்படைத்துவிட்டு வருவதாக அங்கேயே தங்கினார். வந்த அன்றே நீ டப்பாவைத் திறந்து காட்டினாய். ஈரப் பாசிக்குள் இரண்டு கறுப்பு உருவங்கள். முதுகின் இரு பக்கமும் கமலாப்பழ நிறத்தில் முத்து முத்தாகப் புடைப்பு. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"அரணையப் போயி கடல் தாண்டிக் கொண்டாந்திருக்கியே, உனக்கென்ன பித்தா?"

"அரணை இல்ல மதினி. ஷான் மலையில தவள மாதிரி ஈரத்துல கெடக்கும். நீர் ஓணான்னு அங்கன சொல்லுவாக. அவுக ஆசையா வளத்தது. 'நான் வர்ற வரைக்கும் பாத்துக்க'ன்னு சொல்லி விட்டாக."

பிறகு கடுதாசி நின்றுபோனது. ரங்கூனில் குண்டு விழுந்த சேதி வந்தது, அவரைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. அந்த இரண்டும் உயிரோடு இருக்கும்வரை அவரும் இருக்கிறார் என்று நீ மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாய். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். தெருவில் உன்னை "அரணை வளக்குறவ" என்று கேலி பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாகத்தான் இருந்தது.

உன் சுத்தம் ஊரறிந்தது. உன் வீட்டுத் தரையில் சோற்றைப் போட்டுத் தின்னலாம். அந்தச் சுத்தத்தை, டப்பாவிலிருந்து அவற்றை மாற்றி வைத்த மரப்பெட்டிக்கும் செய்தாய். தினமும் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்தாய். நான் என் பங்குக்கு, பூச்சி பொட்டு அண்டாது என்று சாணி மெழுகிக் கொடுத்தேன். இரண்டும் தீனி எடுப்பதை விட்டன. தோல் மங்கிப்போய், தொட்டாலும் நகரவில்லை. பெட்டி முன்னால் உட்கார்ந்து நீ அழுதாயே, அது யாருக்காக அழுத அழுகை என்று எனக்குத் தெரியாதா?

ஒரு காலையில் பெட்டியில் ஒன்றைக் காணோம். வீடெல்லாம் தேடினோம். தண்ணீர்ப் பானைக்கு அடியில், கசிந்து நனைந்த மணலில், ஒரு உடைந்த ஓட்டுக்குக் கீழே கிடந்தது. தோல் பளபளவென்று இருந்தது. நீ அதையே வெகுநேரம் பார்த்தாய்.

"நாம கழுவுனது நம்ம மனசுக்கு மதினி. இதுக்குத் தோலுதான் வாய் போல. உப்பு போட்ட எடத்துல படுத்தா உப்பத்தான குடிக்கும்?"

அன்றே அந்தப் பெட்டி அடுப்புக்குப் போனது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் மண்தொட்டி ஒன்று விரிசல் விட்டு என் வீட்டில் சும்மா கிடந்தது. அடியில் தண்ணீர் தேங்காது என்று அதையே எடுத்தோம். முல்லையாற்றுக் கூழாங்கல்லை வேகவைத்துப் பரப்பினோம். அதன்மேல் அடுப்புக்கரி, அதன்மேல் கலங்கல் போகும்வரை அலசிய மணல். குமுளி மலையிலிருந்து என் வீட்டுக்காரர் கொண்டுவந்த மக்கிய இலையும் பாசியும் மேலே. ஒரு பக்கம் நல்ல ஈரம், மறுபக்கம் லேசான ஈரம். ஒளிந்துகொள்ள ஒரு ஓடு. ஏறி இறங்க வசதியாக மண் மட்டத்துக்குப் பதித்த தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர். தொட்டியின் வாயை மூடிக் கட்ட மல்துணி. தினமும் எச்சத்தையும் மிச்சப் புழுவையும் இலையால் அள்ளிவிடுவாய். கழுவ வேண்டியதை வெந்நீரால் மட்டும் கழுவுவாய். மிளகாய் அரைத்த கையோடு வந்த என்னை ஒருநாள் விரட்டியே விட்டாய். கோபத்தில் நான் அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை. மறுநாள் அவை மண்புழுவை இழுத்துத் தின்றதைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம், கரிப்புகையில் ஓடும் யுத்தகால பஸ்ஸிலிருந்து உன் வீட்டுக்காரர் இறங்கினார். ரங்கூனிலிருந்து காடும் மலையும் நடந்தே வந்தவர், எலும்பும் தாடியுமாக இருந்தார். தெருவே திரண்டு அழுதது, கேள்வி மேல் கேள்வி கேட்டது. நான் வெந்நீர் போட ஓடினேன். தேய்த்துக் குளிப்பாட்டத் தயாராகத் தேங்காய் நாரைக்கூட எடுத்துவிட்டேன். நீ கையை நீட்டி மறித்தாய்.

"வேணாம் மதினி. ஒண்ணும் கேக்காதீக. அவுகளுக்குக் கொஞ்சம் இருட்டு வேணும்."

உள்ளறைச் சன்னலைச் சாத்தினாய். பானை ஓரம் பாய் விரித்து ஒரு செம்புத் தண்ணீர் வைத்தாய். கதவை மூடிவிட்டு வெளியே உட்கார்ந்தாய். யாரையும் விடவில்லை. சில நாள் அவர் அந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை. எனக்குக் கலக்கமாக இருந்தது, நீ கலங்கவில்லை. ஒரு விடிகாலை அவராகவே வந்து தொட்டியருகே குத்துக்காலிட்டு, துணியை அவிழ்த்து, ஓட்டைத் தூக்கினார்.

"ரெண்டும் இருக்கே" என்றார். பிறகு உன்னைப் பார்த்து, "பசிக்குது" என்றார்.

போன ஐப்பசியில் நீயும் போய்விட்டாய். நேற்று மதுரையில் கட்டிக்கொடுத்த என் பேத்தி ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்றாள். நேரே உள்ளறைக்குப் போய்ப் பாயில் சுருண்டுகொண்டாள். என்ன ஏது என்று கேட்காமல் விடுவதில்லை என்றுதான் காலையில் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டே கேள்விகளை அடுக்கி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் அரணை குறுக்கே ஓடியது. உன் ஞாபகம் வந்தது. கேட்க நினைத்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

உள்ளறைச் சன்னலைச் சாத்தி, செம்பில் தண்ணீர் வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே பாய் சுருட்டும் சத்தம் கேட்கிறது. நான் போய் உலை வைக்கிறேன்.