மயிலைக் காளை உதைக்கவில்லை

காங்கேயம்,
7-2-1962.

நாகபுரி மில்லில் வேலை பார்க்கும் மகன் பொங்கியண்ணனுக்கு அப்பா செங்கோட்டையன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். மாடு கன்று சுகம். உனக்குச் சுகமில்லை என்பதை உன் மாமன் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதில் எனக்கு வருத்தம்தான். எனக்கு எழுதினால் மூன்று வரி, மாமனுக்கு இரண்டு பக்கம். அதைச் சந்தையில் நாலு பேர் நடுவில் அவர் எனக்குப் படித்துக் காட்டினார். அடுத்த வாரம் பார்சலில் ஓர் ஊன்றுகோல் வந்தது. வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? அதைத் தூக்கி அட்டாலிப் பரணில் போட்டேன். "கம்பு என்னங்க பாவம் பண்ணுச்சு? பையன் ஆசையா அனுப்பியிருக்கான்" என்றாள் உன் அம்மா. ஆசையாக யாரும் ஊன்றுகோல் அனுப்புவதில்லை என்றேன்.

சோளம் அறுத்தாகிவிட்டது. மாட்டுத் தீனிக்குத் தட்டு இந்த வருடம் போதும். கிணற்றில் கீழ்ப்படி வரை தண்ணீர் நிற்கிறது.

மாமன் படித்ததைத் திருப்பிச் சொல்கிறேன், சரியா பார். ஏணி ஏறும்போது உன் பாதம் தொங்கிப் படியில் இடிக்கிறது. செருப்பு கழன்றால் தெரிவதில்லை. நீ முழங்காலைத் தூக்கித் தூக்கி வைப்பதைப் பார்த்து, சேற்றில் நடக்கிறாயா என்று கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள். குடும்பத்தில் யாராவது இப்படி நடந்தார்களா என்று டாக்டர் கேட்டார். அப்பா அப்படித்தான் நடப்பார், ஆனால் அது காளை உதைத்ததால் என்று நீ சொன்னாய். அப்படியானால் கால் பலம் குறைந்திருக்கிறது, நன்றாக ஓடு என்றார் அவர். இப்போது தினமும் கணுக்காலில் மணல் பை கட்டி இரண்டு மைல் ஓடுகிறாய்.

ஓடாதே. இதைப் படித்த நாளே நிறுத்து. மயிலை என்னை உதைக்கவில்லை.

அந்தப் பொய்யை நான் சொன்னது உன் அக்கா மாரியாத்தாளைப் பெண் பார்க்க வந்த நாளில். என் வலது பாதம் அதற்கு முன்பே தொங்க ஆரம்பித்திருந்தது. என் அப்பாவுக்கும் கெண்டைக்கால் வற்றி, கடைசியில் தவழ்ந்துதான் வாசலுக்கு வந்தார். ஊரில் நமக்குக் கொக்குக்கால் வீடு என்று பெயர். சொன்னவனை நான் அடித்திருக்கிறேன். அன்று வந்தவர்கள் முன்னால் தடுக்கி விழுந்தேன். மாப்பிள்ளையின் தகப்பனார், "ஏனுங்க, காலுக்கு என்னாச்சுங்க?" என்று ஓடி வந்தார். எதிரே கட்டுத்தறியில் மயிலை நின்றது. "நேத்து மயிலை உதைச்சுப்போட்டானுங்க" என்றேன். "காங்கேயத்துக் காளைன்னா சும்மாவுங்களா?" என்று அவர் சிரித்தார். மாட்டுக்காரனைக் காளை உதைத்தால் அது குறையில்லையே. அன்றே நிச்சயம் முடிந்தது.

பிறகு, உதைக்கிற காளையை எதற்கு வைத்திருக்கிறாய் என்று ஊர் கேட்டது. சித்திரையில் கன்னபுரம் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றேன். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மயிலை ஆரையும் உதைக்காதுங்கப்பா" என்று அழுதாய். உன்னை அறைந்தேன். நீ சொன்னதுதான் நிஜம்.

சொன்ன பொய்யை மெய்யாக்க, காலைத் திருப்பிவிட வேண்டும் என்ற வீம்பு வந்தது. உக்கடத்தில் ஓர் உடற்பயிற்சிப் புத்தகம் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். உட்கார்ந்து எழும் பஸ்கி நாளுக்கு இருநூறு போட்டேன். ஆறு மாதத்தில் இடது பாதமும் தொங்கியது. பஸ்கியால் தொங்கியதா, எப்படியும் தொங்கியிருக்குமா, தெரியாது. பஸ்கி போட்ட மறுநாள் படி ஏற முடியாது என்பது மட்டும் தெரியும். கோயமுத்தூரில் ஒரு டாக்டர், நான் நடந்து வருவதைப் பார்த்தே, "இது நரம்பு வியாதிங்க, வம்சத்துல வர்றது. காலைக் காட்டுங்க. புள்ளைகளையும் ஒருக்கா கூட்டிட்டு வாங்க" என்றார். காலைக் காட்டாமல் எழுந்து வந்துவிட்டேன். அது 1956. உன்னை அப்போதே கூட்டிப்போயிருக்க வேண்டும்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். காலையில் உட்கார்ந்து, துண்டைப் பாதத்தில் மாட்டி என் பக்கம் இழுத்து முப்பது எண்ணுகிறேன். இல்லாவிட்டால் குதிகால் நரம்பு இறுகிப்போகும். கிணற்றுக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கிறேன். சந்தைக்கு வண்டியின் பின்கட்டையைப் பிடித்தபடி மெதுவாகப் போகிறேன். மறுநாள் கால் கனத்தால், முந்தின நாள் அளவு மீறிவிட்டது என்று பாதியாகக் குறைக்கிறேன். படுக்கும்முன் உள்ளங்காலைப் பார்க்கிறேன். போன ஆடியில் அடுப்புக் கங்கை மிதித்துவிட்டு, தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் குனிந்தேன். நீயும் பார். இதெல்லாம் என் காலுக்கு நானாகக் கண்டது. உன் காலுக்கு எது ஆகும் என்று உன் டாக்டர் சொல்லட்டும். அவர் மேல் குறை இல்லை. அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். பதில்தான் என் பொய்.

முந்தாநாள் சூலூரிலிருந்து மாரியாத்தாள் வந்திருந்தாள். அவளிடமும் சொல்லிவிட்டேன். தன் பையனின் பாதத்தை எடுத்து மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

"எழுதறதை விடுங்க. பையனைப் பாக்கற டாக்டருக்கு நேர்லயே காலைக் காட்டினா ஆகாதுங்களா?" என்று உன் அம்மா கேட்டாள். பதினொரு வருடமாகக் கணுக்கால் மறைய வேட்டி கட்டுகிறவன் நான். ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. மறுநாள் அட்டாலியிலிருந்து ஊன்றுகோலை இறக்கினேன். இரண்டு விரல்கடை உயரமாக வாங்கியிருக்கிறாய். அறுத்துவிட்டேன்.

டாக்டரைக் கேட்டு ஒரு நாள் குறித்து எழுது. மாசியில் ரயிலேறுகிறேன். என் இரண்டு கால்களையும் அவர் பார்க்கட்டும். கோபம் இருந்தால் அதோடேயே ஸ்டேஷனுக்கு வா. ஆனால் என்னைத் தூக்கி இறக்க வராதே.

பதில் மூன்று வரி போதும். மணல் பையை அவிழ்த்துவிட்டேன் என்பது அதில் ஒரு வரியாக இருக்கட்டும்.

பார்த்து நட, கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா,
செங்கோட்டையன்.