தலைகீழாக மாட்டிய பனிப்படம்

குன்றக்குடி முருகன் துணை

நெற்குப்பை
9-9-1973

அன்பு மகன் சிரஞ்சீவி குருநாதனுக்கு உன் அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. உன் அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் எல்லாமும் சுகம். நீ சுகமா என்று ஒரு வரியில் கேட்டுவிட்டு அடுத்த சேதிக்குப் போவதுதான் வழக்கம், ஆனால் இந்தத் தடவை அதைக் கேட்பதற்காகவே முழுக் கடிதமும் எழுதுகிறேன், அதனால் பொறுமையாகக் கடைசிவரை படி. தென்துருவத்துக்கு இந்த வருஷ ரஷ்யக் கப்பல் கிளம்பப் போகிறது, இருபதாம் தேதிக்குள் வந்து சேருகிற கடிதங்கள்தான் அதில் போகும் என்று உன் ஆபீசிலிருந்து எழுதியிருந்தார்கள். அந்தக் கப்பல் திரும்பும்போது உன் பதிலைக் கொண்டுவரும், உன்னைக் கொண்டுவர அதற்கு அடுத்த வருஷக் கப்பல் வரவேண்டும். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

முதலில் நல்ல சேதிகள். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, உடம்பில் ஒரு புள்ளி இல்லாத வெள்ளைக் கன்று, உன் நினைவாக அதற்குப் பனி என்று பெயர் வைத்திருக்கிறோம். கூப்பிட்டால் வராது, அதுவும் உன்னைப் போலத்தான். மழை இன்னும் இல்லை. ஆவணி முடியப் போகிறது, வெயில் சித்திரை மாதிரி காய்கிறது. உன் அப்பா டீக்கடைக்குப் போனால், "ஏப்பா சோணைமுத்து, ஒம் மகன் காத்தையும் மழையையும் அளக்குற ஆபீசுலதான இருக்கான், ரெண்டு மழைய நம்ம கண்மாய்ப் பக்கமா இங்குட்டு அனுப்பச் சொல்லப்பா" என்று கேலி செய்கிறார்களாம். அவரும் விடாமல், "அவன் இருக்கிற எடத்துல பூராம் பனி, மழைக்கு வேற ஆபீசு" என்று பதில் சொல்லிவிட்டு வருகிறார். அவருக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. உன்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றால் அன்றைக்கு இன்னொரு டீ குடித்துவிட்டுக் கேட்கும்வரை உட்கார்ந்திருப்பார்.

இனி நீ அனுப்பிய படங்களுக்கு வருகிறேன். போன கப்பலில் திரும்பி வந்தவரிடம் நீ கொடுத்தனுப்பிய உறை ஆனி மாதம் வந்து சேர்ந்தது. சின்னப் படம் பதினொன்று, சுருட்டி வைத்த பெரிய படம் ஒன்று. எல்லாம் நீயே பிடித்து நீயே கழுவிப் போட்டது என்று தெரிந்து வியந்து போனேன். இடிந்த கோட்டைச் சுவர் போல நிற்கிற பனிப்பாறை, உறைந்த கடலில் சிக்கிக்கொண்ட கப்பல், தூரத்தில் வரிசையாக நிற்கிற அந்தக் கறுப்புக் கோட்டுப் பறவைகள், எல்லாவற்றையும் நான் அலுக்காமல் பார்க்கிறேன். வெள்ளையில் இத்தனை விதமான வெள்ளை இருப்பது உன் படங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் ராசா, பதினொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றிலும் நீ இல்லை. கடிதமும் இல்லை. கப்பல் அவசரமாகக் கிளம்புகிறது, எழுத நேரமில்லை என்று ஒரு படத்தின் பின்னால் பென்சிலால் எழுதியிருந்தாய், அந்த எழுத்தும் கோழி கிண்டியது போலக் கோணல்மாணலாக இருந்தது. முத்து முத்தாக எழுதுகிற பிள்ளை நீ. அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு இன்னும் விடவில்லை.

ஏன் பயம் என்று கேட்பாய். என் கூடப் பிறந்த மெய்யநாதன் மாமா பினாங்கில் இருந்த கதையை உனக்கு யாரும் முழுதாகச் சொன்னதில்லை. நாலு வருஷம் அவர் படம் படமாக அனுப்பினார். துறைமுகம், ரப்பர்த் தோட்டம், முதலாளி வீட்டுக் கார் என்று ஒரு கார் எல்லாம் வந்தது, அவர் மட்டும் எதிலும் இல்லை. கேட்டால், படம் பிடிக்கிறவனே நான்தான், நான் எப்படி அதில் இருப்பேன் என்று எழுதுவார். எழுத்து சாய்ந்து சாய்ந்து வரும், அண்ணனுக்கு வேலை அதிகம், அவசரமாக எழுதுகிறார் என்று நாங்களாகவே சமாதானம் சொல்லிக்கொண்டோம். நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி வந்தபோதுதான் வலது மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை என்று பார்த்தோம். அரிசி மில்லில் பெல்ட்டில் சிக்கிப் போய்விட்டது. எழுதியது எல்லாம் இடது கை, படங்கள் எல்லாம் கடையில் வாங்கியவை. கை போனதற்கு அழுததைவிட, நாலு வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாரே என்பதற்குத்தான் எங்கள் அம்மா அதிகம் அழுதார்கள். இப்போது நீ போய்ச் சேர்ந்ததும் அங்கே வந்த வேறொரு கப்பலில் போட்ட முதல் கடிதத்தில் எழுதியதை நினைத்துப் பார். அந்தக் குளிரில் ஃபிலிம் அப்பளம் மாதிரி நொறுங்கும், கேமராவை வெறுங்கையால் தொட்டால் இரும்பில் தோல் ஒட்டிக்கொள்ளும், கையுறையோடு ஃபிலிம் மாற்ற முடியாது, அதனால் வலது கை உறையை மட்டும் கழற்றிப் பத்து எண்ணுவதற்குள் மாற்றிவிடுவேன், கூட இருக்கிற ரஷ்யர் ஒருவருக்கு அப்படித்தான் இரண்டு விரல் போயிற்று என்று ஏதோ வேடிக்கை போல எழுதியிருந்தாய். அதற்கப்புறம் கோணல் எழுத்து. மாதம் ஒரு தடவை, ரேடியோவில் கேட்டதாக, உன் ஆபீசிலிருந்து நலம் என்று ஒரு சேதி வருகிறது. நலம் என்று மாமாவும்தான் எழுதினார்.

இதை உன் அப்பாவிடம் சொன்னதற்கு, உனக்கு வேறு வேலை இல்லையா என்று எரிந்து விழுந்தார். அவருக்கும் அதே பயம்தான், அதனால்தான் கோபம். உறை வந்த அன்றைக்கே பெரிய படத்தை நான் விரித்துப் பார்ப்பதற்குள் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்குப் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்து முகப்பில் மாட்டிவிட்டார். மேலே பளிச்சென்று வெள்ளை, கீழே சாம்பல், மேல் ஓரத்திலிருந்து ஏதோ கறுப்பாக ஒரு கறை தொங்கியது. கழுவும்போது மருந்து ஊற்றிக்கொண்டிருக்கும், முதல் முயற்சிதானே என்று உன்னை நாங்கள் மன்னித்துவிட்டோம். உன் அக்கம்மாள் அத்தை வந்து, பனிமலை என்றால் கைலாயம்தான் என்று முடிவு கட்டி, செவ்வாய்க்கிழமை தவறாமல் கண்ணாடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறாள். உன் அப்பா வேறு விசிறியோடு அதற்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, பார்த்தாலே வேர்வை அடங்குகிறது என்கிறார்.

இதற்கு நடுவில் உனக்கு ஒரு வரன் வந்தது. எழுந்து ஓடிவிடாதே, கேள். நாட்டரசன்கோட்டை மாயக்கண்ணன் மகள் மலையம்மாள், அங்கேயே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். மாயக்கண்ணன் நம் வீடு பார்க்க வந்தவர், காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாப்பிள்ளை தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துலயா வேல பாக்குறாக?" என்று கேட்டார் பார், உன் அப்பா முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். உலகப்படத்தின் அடியில் இருக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டி விளக்கினார். மாயக்கண்ணன் கேட்டுக்கொண்டுதான் போனார், ஆனால் ஒரு வாரம் கழித்து, மாப்பிள்ளை படம் ஒன்று வேண்டும் என்று ஆள் சொல்லி அனுப்பினார். நம் வீட்டில் உன் படம் என்று எது இருக்கிறது? ஒன்பதாம் வகுப்புக் கூட்டப் படத்தில் முன்னால் நிற்கிறவன் தோளுக்குப் பின்னால் உன் காது தெரிகிறது. காதைக் காட்டிப் பெண் கேட்க முடியுமா?

ஆகவே போன வெள்ளிக்கிழமை அந்த ஊர்க் கோயிலில் கண்ணாத்தாளைக் கும்பிட்ட மாதிரியும் ஆச்சு என்று நானே கிளம்பினேன். அவன் முகம் இல்லாவிட்டாலும் அவன் வேலையையாவது பார்க்கட்டும் என்று அந்தச் சட்டப் படத்தைச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் சாமி படம் என்று நினைத்து ஜன்னல் ஓரத்து இடம் பிடித்துக் கொடுத்தார், நானும் மறுக்கவில்லை. அவர்கள் வீட்டில் எல்லோரும் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மலையம்மாள் மட்டும் படத்தை வாங்கி, சந்தனத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, சற்று நேரம் பார்த்தாள். அப்புறம் அப்படியே தலைகீழாகத் திருப்பி என் மடியில் வைத்து, "இத மாத்தி மாட்டியிருக்கீக. வானத்தக் கீழ வச்சுட்டீக. இந்தா நிக்கிறாக பாருங்க" என்றாள்.

குருநாதா, நீ நின்றாய். கறை என்று நாங்கள் நினைத்தது உன் நிழல். முதுகுக்குப் பின்னால் வெயில் சாய, பனிமேல் நீளமாக விழுந்திருந்தது. கேமராவின் மூன்று கால், பக்கத்தில் தடித்த கோட்டும் தொப்பியுமாக நீ. உன் அப்பா அவசரத்தில் உன்னை இரண்டு மாதமாகத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார், அத்தை உன் காலுக்குச் சந்தனம் வைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. இடது கையைத் தூக்கித் தொப்பியைப் பிடித்திருக்கிறாய். வலது முழங்கை தெரிகிறது. அதற்கப்பால் கேமராவின் நிழலோடு சேர்ந்துவிட்டது, விரலை ஒட்டிவைத்துத் தேடினேன், தெரியவில்லை. நான் எதைத் தேடுகிறேன் என்று மலையம்மாள் கேட்டாள். மறைத்து முடிக்கிற சம்பந்தம் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அவள் அப்பாவை வைத்துக்கொண்டே மாமா கதையிலிருந்து கோணல் எழுத்துவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாயக்கண்ணன் காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தார். இதோடு போயிற்று என்று நான் சேலையை மடிக்க ஆரம்பித்தேன். அந்தப் பெண்தான் பேசினாள். "கையில வெரலு கொறஞ்சா என்ன, சொல்லாம மறைச்சாத்தான் தப்பு. அவுககிட்டயே கேட்டு எழுதுங்க. பதில் வர்ற வரைக்கும் நான் இருக்கேன்" என்றாள். மாயக்கண்ணன் மகள் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

எப்படிக் கேட்பது என்பதையும் அவளேதான் சொல்லிக் கொடுத்தாள். அவள் வகுப்பில் பிள்ளைகள் சிலேட்டில் கையை விரித்து வைத்துச் சுற்றிக் கோடு இழுப்பார்களாம். நீயும் ஒரு தாளில் வலது கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து கப்பலில் கொடுத்தனுப்பு. நிச்சயத்துக்கு மோதிர அளவு என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் நம்புவதுபோல் இருக்கிறார். இடது கையால் இழுக்கிற கோடு கோணலாகத்தான் வரும், அதற்காக நான் பயப்பட மாட்டேன். குளிருக்குக் கை நடுங்கித்தான் அந்தப் படத்தின் பின்னால் கிறுக்கினாய் என்றால் அதையும் எழுது, நான் வெட்கப்பட்டுக்கொள்கிறேன். விரல் குறைந்திருந்தால் குறைந்தபடியே வரை. ஐந்தாக்கி அனுப்பினாயோ, நீ வந்து இறங்குகிற அன்றைக்கு இருக்கிறது உனக்கு.

அங்கே ரஷ்யர்கள் கொடுக்கிற டப்பா மாமிசத்தை முகம் சுளிக்காமல் சாப்பிடு. கூடப் போன பருப்புப் பொடி தீர்ந்திருக்கும், இந்தத் தடவை இரண்டு டின் அனுப்பியிருக்கிறேன், அவர்களுக்கும் கொடு, காரம் என்று முன்னாலேயே சொல்லிவிடு. ஆறு மாதம் சூரியன் வராத காலத்தில் சும்மா படுத்துக் கிடக்காமல் யாரோடாவது பேசிக்கொண்டிரு. இனிமேல் படம் பிடித்தால் பத்துக்கு ஒன்றாவது கேமராவை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நீ முன்னால் போய் நில். பின்னால் எது மேல் பக்கம் என்றும் எழுது, உன் அப்பாவுக்காகச் சொல்கிறேன். முருகன் உன் பக்கத்திலேயே இருந்து கண்ணுக்குக் கண்ணாகக் காப்பாற்றட்டும். தீர்க்காயுளோடு, நிறைந்த சுகத்தோடு இரு.

முக்கியமாக ஒன்று. இந்த உறைக்குள் நாலாக மடித்து ஒரு வெள்ளைத்தாள் இருக்கும், பிரிக்கும்போது கிழித்துவிடாதே. அதில் இடது பக்கம் வரைந்திருப்பது என் கை இல்லை, என் விரல் அவ்வளவு மெல்லிசா? நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மலையம்மாள் அவள் அப்பாவுக்குத் தெரியாமல் என் கையில் கொடுத்தது. வலது பக்கத்தை உனக்காகக் காலியாக விட்டிருக்கிறாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா
நாகவல்லி